முகத்தில் விழும் வெளிச்சம்: குடும்பப் படம் எடுத்து ஒளியியல் கற்போம்

வகுப்புப் புகைப்படம் எடுக்கும் நாளில் வழக்கமாக என்ன செய்கிறோம்? மதிய உணவு இடைவேளைக்குச் சற்று முன் பிள்ளைகளை மைதானத்தில் மூன்று வரிசையாக நிறுத்துகிறோம். "வெளிச்சம் நல்லா இருக்கு" என்று திருப்திப்படுகிறோம். படம் கைக்கு வரும்போது முன்வரிசையில் பாதிப் பேர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். மற்றவர்களுக்குக் கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கருங்குழிகள். வெளிச்சம் நிறைய இருந்தது உண்மைதான். அது வந்த திசைதான் சரியில்லை.

கன்னியாகுமரி மாவட்டம் வட அகலாங்கு 8 பாகையை ஒட்டி அமைந்திருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் முடிவை ஒட்டியும் நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு நேர் மேலே வரும். நிழலில்லா நாள் என்று குச்சி நட்டு நாம் காட்டுவது இதைத்தான். அன்று குச்சிக்கு நிழல் இராது, முகத்துக்கு இருக்கும். புருவத்தின் நிழல் கண்ணிலும் மூக்கின் நிழல் உதட்டிலும் விழும். குச்சியோடு ஒரு மாணவரையும் நிறுத்திக் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டுங்கள். பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

அதே மாணவரை அடுத்து வராந்தாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பழைய ஓட்டு வீடென்றால் படிப்புரை போதும். நிழலின் விளிம்பில், வெளியே பார்த்தபடி உட்காரட்டும். இப்போது முகத்துக்கு ஒளி தருவது சூரியன் அல்ல. எதிரே திறந்து கிடக்கும் வானமும் முற்றத்து மண்ணும். மூலம் பெரிதானால் நிழலின் ஓரம் மங்கும். ஒழுங்கற்ற எதிரொளிப்பு என்று நாம் கரும்பலகையில் கோடு கோடாக வரைவது அந்த முகத்தில் நடந்துகொண்டிருக்கும்.

மின்விளக்கு பரவாத காலத்து ஒளிப்பட நிலையங்கள் இப்படித்தான் இயங்கின. கண்ணாடிக் கூரை அல்லது பெரிய ஜன்னல், அதை மூடித் திறக்கத் திரைகள், அவ்வளவே. தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களில் பாழாகிக்கொண்டிருந்த கண்ணாடித் தகடுகளையும் படச்சுருள்களையும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு கணினிப் பதிவாக்கினார்கள். அவற்றில் பல இணையத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டன. அத்தகைய பழைய குடும்பப் படம் ஒன்றைத் திரையில் போட்டு, "விளக்கோ ஜன்னலோ எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேளுங்கள். மூக்கின் நிழலைப் பார்த்து ஒருவர் சொல்வார். கருவிழியில் தெரியும் வெள்ளைப் புள்ளியைப் பார்த்து இன்னொருவர் சொல்வார். இரண்டும் ஒத்துவருகிறதா என்று வகுப்பே சரிபார்க்கும்.

ஒரு சின்னத் திருத்தம். முகப்படம் எடுக்க வடக்கு ஜன்னலே சிறந்தது என்று புத்தகங்களில் எழுதியிருக்கும். அது கடகரேகைக்கு வடக்கே வாழ்பவர்களுக்குப் பொருந்தும் விதி. அவர்களுக்கு நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான். நமக்கோ ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே இருக்கும். நம் பள்ளியின் எந்த ஜன்னல் எந்த மாதத்தில் நல்லது என்று மாணவர்களே ஓர் அட்டவணை போடட்டும். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை மேகம் வானத்தையே மெல்லிய திரையாக்கிவிடும். அந்த நாட்களில் மைதானத்திலேயே எடுக்கலாம், மழை விட்டால்!

மேகம் இல்லாத நாளில் மேகத்தை நாமே செய்துகொள்ளலாம். 1956இல் வெளிவந்த சத்யஜித் ரேயின் 'அபராஜிதோ' படத்துக்காகக் காசி வீட்டு முற்றம் ஒன்றை ஸ்டூடியோவுக்குள் கட்டினார்கள். முற்றத்தில் விழும் வான ஒளிக்கு என்ன செய்வது? ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளிதான் நடிகர்கள் மேல் விழுந்தது. நமக்கு ஒரு வெள்ளை வேட்டியும் தெர்மோகோல் அட்டையும் போதும். ஜன்னலோரம் உட்காரும் மாணவியின் இருண்ட கன்னத்துப் பக்கம் அட்டையைப் பிடித்து, நகர்த்தி, சாய்த்துப் பார்க்கட்டும். படுகோணம், எதிரொளிப்புக் கோணம் என்ற சொற்களை நாம் எடுத்துக்கொடுக்கும் முன்பே கை கற்றுக்கொண்டிருக்கும்.

அடுத்தது, நான் அதிக நேரம் செலவிடும் பகுதி. "சார், ரொம்பக் கறுப்பா இருக்கேன், ஃபில்டர் போட்டுத் தாங்க" என்று கேட்காத வகுப்பே இல்லை. கேமரா வெளிச்சத்தை எப்படி முடிவு செய்கிறது என்பதை இந்த இடத்தில் விளக்கிவிட வேண்டும். தான் பார்க்கும் காட்சியின் சராசரியை ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே அது அளவிடுகிறது. வெள்ளையடித்த சுவரின் முன் கறுத்த நிறமுள்ள பிள்ளை நின்றால், சுவரைச் சாம்பலாக்கும் முயற்சியில் முகத்தையும் சேர்த்து இருட்டாக்கிவிடும். சுவருக்குப் பதிலாகப் பச்சை வாழைத்தோப்பு பின்னணியாகட்டும். அல்லது திரையில் முகத்தின் மேல் விரலால் தொட்டு, வெளிச்ச அளவைச் சற்று ஏற்றட்டும். அதே முகம், அதே நிறம், தெளிவாக வரும். ஃபில்டர் தேவைப்படாது.

கருவியிலும் சாய்வு இருந்திருக்கிறது. வண்ணப்படச்சுருள் காலத்தில் அச்சு நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டையில் பல ஆண்டுகள் இருந்தது வெள்ளைத்தோல் பெண்ணின் படம். அதற்கு 'ஷெர்லி அட்டை' என்றே பெயர். கருந்தோலின் நுண்மை அந்தப் படச்சுருளில் சரியாகப் பதியவில்லை. மரச்சாமான், சாக்லேட் தயாரிப்பாளர்கள் தங்கள் பொருள்களின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று புகார் செய்ததும் மாற்றத்துக்கு ஒரு காரணம் என்று அந்நிறுவனத்தில் பணியாற்றியவர்கள் பின்னாளில் கூறியிருக்கிறார்கள். இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் அமைதியாக இருப்பார்கள்.

இதெல்லாம் அழகுணர்ச்சிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலின்போது கடலுக்குப் போன நம் மாவட்ட மீனவர்கள் பலர் திரும்பவில்லை. சில ஆண்டுகள் கழித்து, அப்படித் தந்தையை இழந்த ஒரு மாணவியின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். சுவரில் மாலையிட்டிருந்த படம் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்ததில் முகம் தட்டையாக வெளுத்திருந்தது. பாட்டி சொன்னார்: "அது அவனில்ல சாரே. எம்மவன் நல்ல கறுப்பு. சிரிச்சா கண்ணு ரெண்டும் சிறுத்துப்போவும். அதொண்ணும் இதுல இல்ல." வீட்டில் அவருடைய வேறு படம் இல்லை.

ஆகவே வீட்டுப்பணி இது: வீட்டில் மூத்தவர் ஒருவரின் முகப்படம், வீட்டார் எல்லோரும் சேர்ந்த படம், இரண்டும் ஜன்னல் அல்லது படிப்புரை வெளிச்சத்தில். பகலெல்லாம் வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பும்போது வெளிச்சம் போய்விடுமே என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஃபிளாஷ் அங்கேதான் தேவைப்படுகிறது, ஆனால் கேமராவை விட்டு விலகி.

கேமராவின் தலையிலேயே ஃபிளாஷ் இருந்தால் ஒளி போன வழியே திரும்பி வரும். முகத்தின் மேடுபள்ளம் மறைந்துபோகும். விழித்திரையில் பட்டு லென்சுக்கே திரும்பும் ஒளியால் கண் சிவக்கும். அதை ஒரு தாங்கியில் பொருத்திப் பக்கவாட்டில், முகத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 45 பாகையில் வைத்து, வேட்டியின் ஊடாகவோ வெள்ளைச் சுவரில் பட்டோ வரச் செய்தால் ஜன்னலை நகர்த்தி வைத்தது போலாகும். பள்ளியில் ஃபிளாஷ் இராது. உள்ளூர் ஸ்டூடியோக்காரரை ஒரு பாடவேளைக்கு அழையுங்கள், மகிழ்ச்சியாக வருவார். வீட்டுக்கு இரண்டாவது கைப்பேசியின் டார்ச்சும் வேட்டியும் போதும். படம் எடுக்கும் கைப்பேசியை மட்டும் அசையாமல் எங்காவது சாய்த்து வைக்க வேண்டும்.

குழுப்படத்தில் கணக்கு வருகிறது. ஈர்ப்பு விதியில் பார்த்த அதே உறவு: ஒளிச்செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் இருக்கும். விளக்கு முன்வரிசைக்கு 1 மீட்டரிலும் பின்வரிசைக்கு 2 மீட்டரிலும் இருந்தால், பின்வரிசைக்குக் கிடைப்பது நான்கில் ஒரு பங்கு. பேரன் வெளுப்பான், பின்னால் நிற்கும் தாத்தா இருளில் மறைவார். விளக்கை 3 மீட்டர் பின்னுக்கு நகர்த்துங்கள். இப்போது தொலைவுகள் 4, 5. விகிதம் 16க்கு 25, அதாவது பின்வரிசைக்கு 64 விழுக்காடு. இதற்கு ஒரு விலை உண்டு. முன்வரிசைக்கு வரும் ஒளியும் முன்பைவிடப் பதினாறில் ஒன்றாகிவிடும். விளக்கின் திறனைக் கூட்டவேண்டும்.

ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலியில், பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், லக்ஸ் அளவைப் படிக்கலாம். வகுப்பறையில் டார்ச்சை வைத்து அளந்தால் விடை சரியாக நான்கில் ஒன்றாக வராது, கூடுதலாகவே வரும். ஏன் என்று மாணவர்களே தேடட்டும். சுவரின் வெள்ளையடிப்பைக் கண்டுபிடிப்பார்கள். விதி ஒளி மூலம் சிறு புள்ளியாக இருக்கும்போதுதான் முழுமையாகப் பொருந்தும் என்பதையும் அப்போது சொல்லலாம்.

படங்களைப் பற்றி ஒரு கண்டிப்பு. அவை வீட்டாருடையவை. அவர்கள் சம்மதம் இல்லாமல் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலோ பள்ளிக் கண்காட்சியிலோ போடக்கூடாது. மதிப்பிட வேண்டியது வெளிச்சத்தை; வீட்டையோ உடுப்பையோ அல்ல. முடிந்தால் ஒரு படத்தையாவது அச்சிட்டுக் கொடுங்கள். கைப்பேசி மாறும்போது உள்ளே இருப்பதெல்லாம் போய்விடுகிறது. அச்சுப்படத்தை ஒரு காகித உறையில் இட்டு, உறையின் மேல் பெயர், உறவு, நாள், இடம், வெளிச்சம் வந்த பக்கம் ஆகியவற்றை மாணவர் தம் கையால் எழுதி வீட்டில் ஒப்படைக்கட்டும்.