மூடி, உறை, விரிப்பு: பிறை வீடுகளுக்கு 8 குறிப்புகள்

பினாங்கின் பிறையில் காற்றிலேயே ஈரம் அதிகம். எதை மூடினாலும் தூசியும் ஈயும் வெளியே நிற்கும், ஈரமும் சூடும் உள்ளே மாட்டிக்கொள்ளும். கடையில் பெட்டிமேல் போட்டிருக்கும் இங்கிலீஷ் பெயரைப் பார்த்து வாங்கும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

1. லிட்: தண்ணீர் டிரம்முக்கு மூடி இறுக்கமாகப் பொருந்த வேண்டும். சிறு இடைவெளி போதும், ஏடிஸ் கொசு நுழைந்து நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் முட்டையிடும். காய்ந்த முட்டையும் பல மாதம் தாங்கும். எனவே வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். மூடியின் பள்ளத்தில் தேங்கும் மழைநீரையும் கொட்டிவிடுங்கள். வீட்டில் கொசுப்புழு இருந்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 வெள்ளி வரை காம்பவுண்ட் தண்டம் விதிக்கலாம்.

2. ஃபுட் கவர்: நாம் துடோங் சாஜி என்று சொல்லும் கூடை ஈயையும் பல்லியையும்தான் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. சமைத்த சோற்றை 2 மணி நேரத்துக்கு மேல் மேசையில் விடாதீர்கள். வேகவைத்த பிறகும் பிழைத்திருக்கும் ஒருவகை நுண்ணுயிர் அதில் பெருகும். அது விடும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள்.

3. ஃபாயில்: பளபளப்பான பக்கம், மங்கலான பக்கம் இரண்டும் வேலையில் ஒன்றே. தொழிற்சாலையில் இரண்டு தாள்களைச் சேர்த்து உருட்டுவதால் வரும் வேறுபாடு அது. மீன் புளிக்குழம்பு, தக்காளிச் சட்னி போன்றவற்றின் மேல் படும்படி மூடாதீர்கள். புளிப்பு அலுமினியத்தை அரித்துப் பொத்தலாக்கும். மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும்.

4. கிளிங் ராப்: மைக்ரோவேவில் வைக்கலாம் என்று பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் வையுங்கள். ஆவி போக ஒரு மூலையைத் திறந்துவிடுங்கள். எண்ணெய் மிதக்கும் கறியின் மேல் தாள் படக்கூடாது.

5. ஃபிட்டட் ஷீட்: நான்கு மூலையிலும் எலாஸ்டிக் உள்ள விரிப்பு இது. கடைக்குப் போகுமுன் மெத்தையின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். 25 செ.மீ. மெத்தைக்கு 20 செ.மீ. ஆழ விரிப்பு வாங்கினால் இரவெல்லாம் கழன்று வரும். குழந்தையோ முதியவரோ படுக்கும் மெத்தைக்கு, விரிப்புக்கு அடியில் நீர்புகா புரொடெக்டர் போடுங்கள். ஈரக்காற்றில் தூசிப்பூச்சி பெருகும். துணி தாங்குமானால் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.

6. கேப்: மருந்து பாட்டிலின் மூடியை அழுத்தித் திருப்பவேண்டியிருந்தால், அது குழந்தை திறக்காமலிருக்கச் செய்தது. கைவலியுள்ள பெரியவருக்குச் சிரமம் என்றால், எளிதாகத் திறக்கும் மூடியை ஃபார்மசியில் கேளுங்கள். பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பிளீச், மண்ணெண்ணெய் எதையும் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றாதீர்கள்.

7. மோட்டார் கவர்: ஓட்டி வந்தவுடன் மூடினால் சூடான புகைக்குழாயில் நைலான் உருகி ஒட்டும். வண்டி ஆறட்டும். மழையில் நனைந்திருந்தால் துடைத்துவிட்டு மூடுங்கள், இல்லையேல் அடியில் துரு பிடிக்கும். தொழிற்பேட்டைத் தூசி படிந்த வண்டியைக் கழுவாமல் மூடினால், காற்றில் கவர் உரசிப் பெயிண்டில் கீறல் விழும்.

8. கோட்: ஈரச் சுவரில் எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் கொப்புளம் போட்டு உரியும். தீபாவளிக்கு அடிக்கும் முன் இதைச் செய்யுங்கள்: ஒரு முழம் சதுரத்தில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. முதலில் குழாய்க் கசிவையோ கூரையையோ சரிசெய்யுங்கள். வெளிப்புறம் மட்டும் நனைந்திருந்தால் அது அறையின் ஈரக்காற்று. சன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தாலே போதும். காய்ந்த புதுச் சிமெண்டுச் சுவருக்கு முதலில் சீலர், அதன்மேல் இரண்டு கோட் பெயிண்ட்.