பெருங்குடற் புண்ணழற்சியின் கடுமையை அளத்தல்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களின் எல்லைச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த வீடுகளில் வழங்குகின்றன. மலத்துடன் இரத்தம் போகிறதென்றால், எம்மொழி பேசுவோரும் முதலில் எண்ணுவது சீதபேதி. அடுத்து எண்ணுவது மூலம். ஆனால் வாரக்கணக்கில் நீடித்து, மருந்துக்கு அடங்கியும் மீண்டும் தலைகாட்டியும் வருமாயின், பெருங்குடற் புண்ணழற்சியையும் கருதவேண்டும். இது மேனாட்டார்க்கே உரியதென்ற பழைய எண்ணம் இன்று நிற்பதற்கில்லை. பஞ்சாபில் வீடுவீடாக ஆராய்ந்து 2003-ல் வெளியிடப்பெற்ற கணக்கின்படி, அங்கு இலட்சம் பேரில் ஏறத்தாழ 44 பேருக்கு இந்நோய் இருந்தது.

அழற்சியைச் சிலர் ‘வீக்கம்’ என்றே மொழிபெயர்த்துவிடுகின்றனர். அது போதாது. அழல் என்பது நெருப்பு. குடலின் உட்சவ்வில் மூண்ட அந்நெருப்பின் அளவைக் குழாய்வைத்துப் பாராமலே ஓரளவு உணர்த்துவன இரத்தத்திலும் மலத்திலும் தோன்றும் சில குறிகளாகும்.

1955-ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த டாக்டர் ட்ரூலவும் டாக்டர் விட்ஸும் கார்ட்டிசோன் மருந்தைச் சோதித்தபோது நோயின் கடுமைக்கு ஓர் அளவுகோல் வகுத்தனர். இன்று வழங்கும் வடிவில் அது பின்வருமாறு: நாளொன்றுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ இரத்தமலம் போதல்; அதனோடு நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 90-க்கு மேல், உடல்வெப்பம் 37.8 பாகைக்கு மேல், ஹீமோகுளோபின் 10.5 கிராமுக்குக் கீழ், செவ்வணுப் படிவு வேகம் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் ஆகியவற்றுள் ஒன்றேனும் காணப்படின் நோய் கடுமையானது. இவற்றுள் முதல் மூன்றை அறியக் கடிகாரமும் வெப்பமானியும் போதும் என்பதைக் கிராம ஊழியர் கவனிக்கவேண்டும்.

படிவு வேகம் எளிய சோதனையே. இரத்தத்தைச் சோடியம் சிட்ரேட்டுடன் கலந்து, வெஸ்டர்கிரென் குழாயில் ஏற்றிச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு மணி கழித்துச் செவ்வணுக்கள் எவ்வளவு இறங்கின என்று பார்ப்பர். அழற்சியின்போது இரத்தத்தில் ஃபைப்ரினோஜன் மிகுவதால், அணுக்கள் காசுகளை அடுக்கினாற்போல் ஒட்டிக்கொண்டு விரைந்து இறங்குகின்றன. குழாய் சற்றுச் சாய்ந்திருந்தாலும் வேகம் மிகுந்து காட்டும். இரத்தசோகையிலும், கருவுற்ற பெண்களிடத்தும், முதியோரிடத்தும் அது இயல்பாகவே உயரும். இரத்தம் இழக்கும் நோயாளிக்குச் சோகை உடன்பிறந்ததாகையால், இவ்வெண்ணைத் தனியே நம்புதல் தகாது.

சி.ஆர்.பி. எனப்படும் புரதம் இதினும் விரைவாக மாறுவது. 1930-ல் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் டில்லெட்டும் ஃபிரான்சிஸும் கண்ட இப்புரதத்தைக் கல்லீரல் உண்டாக்குகிறது. இரத்தத்தில் இதன் அரையாயுள் சுமார் 19 மணி நேரமே. ஆகவே மருத்துவம் பலிக்கிறதா என்பதை இரண்டொரு நாளில் காட்டிவிடும். 1996-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ட்ராவிஸ் முதலியோர் வெளியிட்ட விதி இங்கு முக்கியமானது. கடுமையான நோயில், ஸ்டீராய்டு மருத்துவத்தின் மூன்றாம் நாளிலும் எட்டுக்கு மேற்பட்ட முறை மலம் போயினும், அல்லது மூன்று முதல் எட்டு முறை போய் சி.ஆர்.பி. லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினும், அத்தகையோருள் நூற்றுக்கு 85 பேருக்குப் பெருங்குடலை அகற்ற நேரிடும் என்பது அவர்கள் கணிப்பு. இக்காலத்தில் மாற்று மருந்துகள் உள்ளனவாயினும், மூன்றாம் நாள் முடிவெடுக்கவேண்டிய நாள் என்பது மாறவில்லை. மலக்குடலளவில் நிற்கும் நோயில் இது உயராமலும் இருக்கலாம்.

அக்குறையை நிரப்புவது மலத்திலுள்ள கால்புரோடெக்டின். குடற்சுவரில் திரளும் வெள்ளணுக்களிலிருந்து வருவதால், இது குடலைப்பற்றியே பேசும். நோய் தணிந்தவரிடம் கிராமுக்கு 150 மைக்ரோகிராமுக்குக் கீழிருப்பின் அழற்சி அடங்கியிருக்கிறதெனப் பெரும்பாலும் கொள்ளலாம். மூட்டுவலிக்கு விழுங்கும் சில மாத்திரைகளும் இதனை உயர்த்துமாதலால், அவற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

மேற்கூறிய குறிகளுள் எதுவும் நோயின் பெயரைச் சொல்வதில்லை. அமீபா சீதபேதியிலும் குடற்காசத்திலும் இவை உயரும். அமீபா உள்ளவர்க்கு ஸ்டீராய்டு கொடுத்தால் குடல் துளைபட்டு உயிருக்கே ஊறு நேரக்கூடும். எனவே மலத்தை நுண்ணோக்கியில் பார்த்தல் முதற்கடன்.

வகுப்பிலிருந்து அடிக்கடி வெளியே செல்ல அனுமதி கேட்டு, நாணத்தால் காரணம் கூறாது மெலிந்துவரும் மாணவரை ஆசிரியர் தனியே வினவுதல் நன்று. ஊழியர், நாளொன்றுக்கு எத்தனை முறை, இரத்தம் உண்டா, நாடி எவ்வளவு என்பவற்றைத் தேதியிட்டு ஒரு தாளில் எழுதி, நோயாளியிடமே கொடுத்தனுப்புக. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றாலும், எல்லை கடந்து நாகர்கோவிலுக்குச் சென்றாலும், அத்தாள் உடன் செல்லும்.