காத்திருப்பும் கையறுநிலையும்: ‘பிறவி’ திரைப்படத்தைத் தமிழ்த் திணைமரபின்வழி வாசித்தல்

முனைவர் பட்ட ஆய்வாளர் (தமிழ்), திருவான்மியூர், சென்னை – 41

ஆய்வுச் சுருக்கம்

ஷாஜி என். கருண் இயக்கிய முதல் திரைப்படம் ‘பிறவி’ (1988). நெருக்கடிநிலைக் காலத்தில் காவல்துறையால் கொண்டுசெல்லப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் முதிய தந்தையின் கதையை இம்மலையாளப் படம் கூறுகிறது. முல்லைத்திணைக்குரிய இருத்தல், காஞ்சித்திணையின் துறையாகிய கையறுநிலை ஆகிய இரு கருத்தாக்கங்களின் துணையுடன் இக்கட்டுரை அப்படத்தை ஆராய்கிறது. காத்திருத்தல் முடிவதற்கு மரபு காட்டும் வழிகள் இரண்டு: வருகை, சாவு பற்றிய உறுதி. இவ்விரண்டையும் மறுப்பதே அடக்குமுறை அரசின் தனிக்கொடுமை என்பதைப் படம் உணர்த்துகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

குறிப்புச்சொற்கள்: பிறவி, நெருக்கடிநிலை, இருத்தல், கையறுநிலை, ஆட்கொணர்வு, காணாமல் ஆக்கப்படுதல்.

முன்னுரை

1975 ஜூன் 25 அன்று அறிவிக்கப்பட்ட உள்நாட்டு நெருக்கடிநிலை 1977 மார்ச் 21 வரை நீடித்தது. அது படைத்துறை ஆட்சியன்று. அரசமைப்புச் சட்டத்தின் 352ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்டது. எனினும் எளிய குடிமகனின் நிலையிலிருந்து நோக்கினால் இவ்வேறுபாடு பெரிதும் தேய்ந்துவிடுகிறது. ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யும் உரிமை நெருக்கடிநிலையில் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1976 ஏப்ரல் 28 அன்று தீர்ப்பளித்தது. ஐவரில் நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். தன் மகன் எங்கே என்று கேட்கும் உரிமையையே ஒரு தந்தை இழந்த காலம் அது.

அக்காலத்தில்தான், 1976 மார்ச் 1 அன்று, கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவர் பி. ராஜன் கைது செய்யப்பட்டுக் கக்கயம் காவல் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் திரும்பவில்லை. நெருக்கடிநிலை நீங்கியபின் தந்தை டி. வி. ஈச்சர வாரியர் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தொடுத்தார். ராஜன் காவலில் இல்லை என்றே அரசு முதலில் கூறியது. காவலில் இறந்ததைப் பின்னர் ஒப்புக்கொண்டது. நெருக்கடிநிலையின்போது உள்துறை அமைச்சராக இருந்து பின் முதலமைச்சரான கே. கருணாகரன் 1977 ஏப்ரலில் பதவி விலகினார். ராஜனின் உடல் மட்டும் கிடைக்கவேயில்லை. இவ்வழக்கின் நிழலில் பிறந்ததே ‘பிறவி’.

படத்தின் அமைப்பு

ஜி. அரவிந்தன் படங்களின் ஒளிப்பதிவாளராகப் பெயர்பெற்ற ஷாஜி, தம் முதல் படத்தில் சிறைக்கூடத்தையோ சித்திரவதையையோ காட்டவில்லை. தந்தை இராகவச் சாக்கியார், தாய், மகள் மாலதி ஆகியோர் வாழும் ஓர் ஆற்றங்கரை வீட்டையே காட்டுகிறார். முதுமையில் பிறந்த மகன் இரகு தொலைவிலுள்ள பொறியியல் கல்லூரியில் பயில்கிறான். தமக்கையின் திருமண உறுதிக்கு வரவேண்டியவன் வரவில்லை. தந்தை நாள்தோறும் பேருந்து நிறுத்தத்திற்குச் சென்று காத்திருக்கிறார். மகன் கைதான செய்தியை நாளிதழ் தருகிறது. தலைநகர் சென்று அமைச்சரை நாடியும் பயனில்லை. அப்படி ஒருவன் தம் காவலிலேயே இருந்ததில்லை என்கிறது காவல்துறை. தம்பி கொல்லப்பட்டிருக்கலாம் என்பதை அறியும் மாலதியால் அதனைத் தந்தையிடம் சொல்ல முடியவில்லை. முதியவரோ மகன் தம்முடன் இருப்பதாகவே கருதும் கனவுநிலைக்குள் மெல்லச் செல்கிறார்.

தந்தையாக நடித்த பிரேம்ஜி நாடக மேடையில் நெடுங்காலம் பயின்றவர். மாலதியாக நடித்த அர்ச்சனாவைப் பாலு மகேந்திராவின் ‘வீடு’ வழியாகத் தமிழர் நன்கறிவர். சிறந்த படம், இயக்கம், நடிப்பு ஆகியவற்றுக்கான தேசிய விருதுகளையும், 1989ஆம் ஆண்டுக் கான் விழாவில் முதல் படங்களுக்குரிய தங்கக் கேமரா விருதின் சிறப்புக் குறிப்பையும் படம் பெற்றது.

முல்லையின் இருத்தலும் பொய்த்த காரும்

தொல்காப்பியம் முல்லைக்குக் கார்காலத்தையும் மாலையையும் பொழுதாக வகுக்கிறது. இருத்தல் அதன் உரிப்பொருள். வேந்தன் வினைமேற் சென்ற தலைவன் கார் தொடங்குமுன் மீள்வதாகச் சொல்லிச் செல்கிறான். அச்சொல்லே தலைவியை ஆற்றியிருக்கச் செய்கிறது. குறுந்தொகையில் ஓதலாந்தையார் பாடிய தலைவி (21), கொன்றை பூத்துக் காடே கார் எனக் காட்டியும் அதனை நம்ப மறுக்கிறாள். தலைவன் பொய் கூறான் ஆதலின் வந்தது காரன்று என்பது அவள் வாதம். கண்முன் நிற்கும் சான்றைவிட அன்பரின் சொல் அவளுக்கு வலிது.

இராகவச் சாக்கியாரின் உளநிலையும் இதுவே. மகன் வருவதாகச் சொன்னான், ஆதலின் வருவான். படம் முழுவதும் பெய்யும் மழை முல்லையின் முதற்பொருளை நினைவூட்டுகிறது. மாலைதோறும் பேருந்து வருகிறது, மகன் வருவதில்லை. நாளிதழும் காவல்துறையின் மறுப்பும் எதிராக நின்றபோதும் தந்தையின் நம்பிக்கை குலைவதில்லை. குறுந்தொகைத் தலைவியின் நம்பிக்கையைத் தலைவனின் வருகை மெய்ப்பிக்கும் என்பது முல்லை மரபின் உறுதி. அவ்வுறுதி இங்கு இல்லாமையால் அதே நம்பிக்கை பிறர் கண்ணுக்குப் பித்தாகத் தோன்றுகிறது.

தலைவன், தலைவி உறவுக்குரிய இருத்தலைத் தந்தை, மகன் உறவில் பொருத்தலாமா என்ற வினா எழலாம். உடன்போன மகளை எண்ணி நற்றாயும் செவிலியும் புலம்பும் பாடல்களை அகத்துள் வைத்த மரபு, பெற்றோரின் பிரிவுத்துயரை அகத்திற்குப் புறம்பாக்கவில்லை. அன்றியும், இக்கட்டுரை இருத்தலைப் பொழுதும் இடமும் மனநிலையும் பொருந்தும் ஓர் அமைப்பாகவே கொள்கிறது. இவ்வமைப்பில் நேர்ந்துள்ள முதன்மையான மாற்றம் ஒன்று. முல்லையில் பிரிவுக்குக் காரணமான வேந்தன், வினைமுடிவில் தலைவனை வீட்டுக்கு விடுப்பவனும் ஆவான். ‘பிறவி’யில் கொண்டுசென்ற அரசு, கொண்டுசென்றதையே மறுக்கிறது.

கையறுநிலைக்கு இடமின்மை

இறந்தோரைக் குறித்து எஞ்சியோர் புலம்புவதாகிய கையறுநிலையைத் தொல்காப்பியர் காஞ்சித்திணையில் வைக்கிறார். இப்புலம்பலுக்கு முன்தேவை, சாவு பற்றிய உறுதி. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய புறநானூற்றுத் தாய் (278), மகன் புறமுதுகிட்டான் என்ற சொல்லைக் கேட்டு வாளேந்திக் களம் புகுகிறாள். பிணங்களைப் புரட்டித் தேடி, சிதைந்து கிடக்கும் மகனைக் காண்கிறாள். அவனைப் பெற்ற நாளினும் மகிழ்கிறாள். இப்பாடல் பெரும்பாலும் மறக்குடிப் பெருமிதமாகவே வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அவளுக்குத் தேடிச் செல்ல ஒரு களம் இருந்தது, புரட்டிப் பார்க்க உடல் இருந்தது என்பதை ‘பிறவி’யுடன் ஒப்பிடும்போதே உணர்கிறோம். மாலதியிடம் இருப்பது செவிவழிச் செய்தி மட்டுமே. அதைக்கொண்டு அவளால் அழவும் இயலவில்லை, தந்தையை அழவைக்கவும் இயலவில்லை.

படத்தின் தலைப்பும் இங்குப் பொருள்பெறுகிறது. பிறப்பும் இறப்பும் இணைந்து வழங்கும் சொற்கள். இரண்டாவதை அரசு மறைத்துவிட்டபின், அம்மகனைப் பற்றி ஐயமின்றிச் சொல்லத்தக்கது அவன் பிறந்தான் என்பது மட்டுமே.

சாக்கையரும் அரசவாயிலும்

ஈச்சர வாரியர் கல்லூரிப் பேராசிரியர். படமோ தந்தையைச் சாக்கியார் மரபினராக்குகிறது. தமிழ் வாசகர்க்கு இம்மாற்றம் சிலப்பதிகார நடுகற்காதையை நினைவூட்டும். அங்குப் பறையூர்க் கூத்தச் சாக்கையன் சேரன் செங்குட்டுவன்முன் கொட்டிச்சேதம் ஆடி மகிழ்விக்கிறான். அரசவையில் இடம்பெற்ற மரபின் வழித்தோன்றல் அமைச்சர் வாயிலில் முறையிட்டு நிற்பதாக இப்படத்தை வாசிக்க இடமுண்டு.

வழக்குரை காதையுடன் ஒப்பிடின் வேறுபாடு இன்னும் கூர்மையாகும். கண்ணகியின் வரவை வாயிலோன் அறிவித்தான், பாண்டியன் அவளை அழைத்துக் கேட்டான், சிலம்பு சான்றாயிற்று, தன் பிழை உணர்ந்த மன்னன் உயிர்நீத்தான். கொடுமை இழைத்த அரசாயினும் அது கோவலனைக் கொன்றதை மறுக்கவில்லை. ‘பிறவி’யின் அரசு சினக்கவோ அச்சுறுத்தவோ தேவையின்றி, அப்படி ஒருவர் இல்லை என்ற ஒரு விடையால் முறையீட்டையே பொருளற்றதாக்குகிறது. உடைக்கச் சிலம்பு இல்லாத கண்ணகியாக அத்தந்தை திரும்புகிறார்.

முடிவுரை

ராஜன் வழக்கு நடந்த அதே 1977 ஏப்ரலில், படைத்துறை ஆட்சியின்கீழ் இருந்த அர்ஜென்டினாவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் மாயோ சதுக்கத்தில் முதன்முறையாகக் கூடினர். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தமிழ்த் தாய்மார் தொடங்கிய தொடர் போராட்டத்திலும் கேள்வி ஒன்றே: எங்கள் பிள்ளைகள் எங்கே? ஆட்சியின் பெயர் எதுவாயினும், காத்திருப்போரின் அன்றாடம் ஒன்றுபோலவே அமைகிறது.

இருத்தலுக்கும் கையறுநிலைக்கும் இடையே நிற்கும் இந்நிலைக்கு நம் இலக்கணம் தனித்துறை வகுக்கவில்லை. முல்லை வருகையை நம்பியது, காஞ்சி சாவை ஏற்றது; இவ்விரண்டும் மறுக்கப்பட்ட மனிதரைப் பிற்கால அரசுகளே உருவாக்கின. ஈழப்போர்க்காலத்துக்குப் பிந்தைய தமிழ்ப் படைப்புகளில் இந்நிலை எவ்வாறு வெளிப்படுகிறது என்பதைத் தொகுத்து ஆராய்தல் தமிழாய்வின் உடனடித் தேவையாகும். அவ்வாய்வுக்குரிய தொடக்கப் பனுவல்களுள் ஒன்றாக ‘பிறவி’யைக் கொள்ளலாம்.