விருந்தும் நட்பும்

மாணவர்களே! புதிய பள்ளியில் சேர்ந்த முதல் நாளை நினைவுகூருங்கள். வகுப்பில் ஒருவரையும் தெரியாது. அவ்வூர் மொழியும் பாதிதான் புரிந்திருக்கும். ஆயினும் ஒரு வாரம் கழிவதற்குள் உணவு இடைவேளையில் உங்களோடு அமர ஒருவர் கிடைத்திருப்பார். இரண்டு மாதங்களில் அவர் நண்பராகவும் ஆகியிருப்பார். அதே காலத்தில் உங்கள் தாய்க்கும் தந்தைக்கும் அவ்வூரில் எத்தனை நண்பர்கள் கிடைத்தனர் என்று கேட்டதுண்டா? பெரும்பாலோர் கேட்பதில்லை. பெரியவர்களுக்கு நண்பர்கள் தேவையில்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம் போலும்.

பணியிட மாற்றத்தால் ஊர் ஊராகச் செல்லும் நடுவண் அரசு ஊழியர்களின் பிள்ளைகளது கல்வி தடைப்படாதிருக்க வேண்டும் என்பதற்காகவே 1963ஆம் ஆண்டு மத்தியப் பள்ளிகள் தொடங்கப்பெற்றன. பிள்ளை எந்த ஊருக்குச் சென்றாலும் அங்கே அதே பாடத்திட்டம் காத்திருக்கும். பெற்றோருக்கோ அவ்வாறு காத்திருக்கும் நட்பு வட்டம் ஏதுமில்லை. ஒவ்வோர் ஊரிலும் அவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இது ஏன் அவர்களுக்குக் கடினமாகிறது? அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் என்பவர், புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் ஆராய்ந்து, 2018இல் ஒரு கணக்கை வெளியிட்டார். அறிமுகமான இருவர் ஓரளவு நண்பராவதற்கு ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். நண்பர் என்று சொல்வதற்கு 90 மணி நேரம். நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்திற்கும் மேல். நாள்தோறும் ஆறு மணி நேரம் பள்ளியில் சேர்ந்திருக்கும் நீங்கள் 34 நாள்களில் 200 மணியைக் கடந்துவிடுகிறீர்கள். மாதம் ஒருமுறை, இரண்டு மணி நேரம் சந்திக்கும் பெரியவர்களுக்கு அதே 200 மணி நேரம் சேர எட்டு ஆண்டுகளுக்கு மேலாகும். அதற்குள் அடுத்த மாற்றல் ஆணை வந்துவிடும்! அலுவலகத்தில் நாள் முழுதும் பலரோடு இருக்கிறார்களே எனில், வேலையின் பொருட்டுச் சேர்ந்திருக்கும் நேரம் அவ்வளவாக நட்பை வளர்ப்பதில்லை என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது.

நட்பை மணிக்கணக்கில் அளக்கலாமா என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். பாண்டிய நாட்டுப் புலவர் பிசிராந்தையாரும் உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் பாராமலே நட்புக் கொண்டிருந்தனர். அரசன் வடக்கிருந்தபோது புலவர் அவ்விடம் தேடி வந்தார் என்பதைப் புறநானூறு வழி அறிகிறோம். அத்தகைய நட்பு அரிதாதலால்தான் ஈராயிரம் ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. நம்மைப் போன்றோர்க்குப் பார்ப்பதும் பேசுவதும் சேர்ந்து உண்பதும் தேவை.

முன்பு ஊர்களில் வீட்டின் முன்னே திண்ணை இருந்தது. வழிப்போக்கர் களைப்பாற அங்கே அமர்ந்தார். அண்டை வீட்டார் மாலையில் வந்து உரையாடினர். யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. மும்பை மாட்டுங்காவிலோ தில்லியிலோ உள்ள அடுக்குமாடி வீட்டிற்குத் திண்ணை இல்லை. கதவும் மணியும்தான் உண்டு. ஆகவே, திண்ணை தானாகச் செய்ததை இங்கே நாம் திட்டமிட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது. அதாவது, அழைக்க வேண்டியிருக்கிறது.

'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழைய பொருள். தொல்காப்பியம் புதிதாக இயற்றப்படும் நூல் வகையையும் விருந்து என்றே குறிக்கிறது. எனவே விருந்தினர் என்போர் மாமாவும் அத்தையும் அல்லர். முன்பின் அறியாத புதியவர்கள். திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரமாகிய விருந்தோம்பலும் இத்தகையோரைப் பற்றியதே. மோந்தால் வாடும் அனிச்சப் பூவைக் காட்டி, நம் முகம் சற்று வேறுபட்டாலே விருந்தினர் உள்ளம் வாடிவிடும் என்கிறார் வள்ளுவர். இன்று உறவினருக்கு மட்டும் இலை போட்டுவிட்டு அதை விருந்து என்கிறோம்.

இனி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். திருநெல்வேலியிலிருந்து தில்லி இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்புக்கு அவர்கள் வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. தந்தைக்கு அலுவலகம், மகளுக்குப் பள்ளி. தாய் பகல் முழுதும் வீட்டில் தனியே இருக்கிறார். காய்கறிக்காரரிடம் பேசும் இந்திச் சொற்கள் பத்துதான் அவருடைய அன்றாட உரையாடல். "ஊருக்கே போய்விடலாமா?" என்று அவர் ஒருநாள் கேட்கிறார். அங்குள்ள தில்லித் தமிழ்ச் சங்கம் 1946 முதல் இயங்கி வருவது. அங்கே சென்றால் தமிழில் பேசலாம். அது பெரிய ஆறுதலே. ஆனால் நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஓடி வரக்கூடியவர் எதிர்வீட்டுக்காரர். அவரிடம் இன்னும் பெயர்கூடக் கேட்கவில்லை.

புரட்டாசியில் நவராத்திரி வருகிறது. "அம்மா, எதிர்வீட்டு ஆன்ட்டியையும் கொலுவுக்கு அழைப்போமா?" என்கிறாள் மகள். மாற்றலின்போது சாமான் ஏற்றி வந்த தகரப் பெட்டிகளை அடுக்கி, மேலே வெள்ளை வேட்டி விரித்தால் மூன்று படிகள் தயார். மரப்பாச்சிகள், மளிகைக்கடை பரப்பி அமர்ந்த செட்டியார் பொம்மை ஆகியவை படியேறுகின்றன. மகள் குங்குமச் சிமிழை ஏந்தி வீடுவீடாகச் சென்று இந்தியில் அழைக்கிறாள். சிறுமியரை அனுப்பி அழைப்பது கொலுவின் பழைய வழக்கமே.

பத்து வீடுகளை அழைத்ததில் முதல் நாள் இருவர்தாம் வருகின்றனர். ஒருவர் எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணி. கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டலைக் கண்டதும் அவர் முகம் மலர்கிறது. அவர்கள் வீட்டிலும் நவராத்திரியின் எட்டாம் அல்லது ஒன்பதாம் நாளில் சிறுமியரை அழைத்து, கால் கழுவி, பூரியும் அல்வாவும் இதே கடலையும் பரிமாறுவார்கள். இவ்வழக்கம் கஞ்சக் எனப்படும். கடலையில் தேங்காய் போடுவது மட்டும் அவருக்குப் புதிது. அந்த வார எட்டாம் நாளில் மகளுக்கு அங்கிருந்து அழைப்பு வருகிறது. மற்றொருவர் வங்காளத்தவர். விசயதசமிக்குப் பிறகு ஒருவர் வீட்டிற்கு ஒருவர் சென்று இனிப்புண்டு வாழ்த்துவது அவர்கள் மரபு. ஆகவே அவர் வீட்டிற்கும் செல்ல வேண்டியதாயிற்று.

இவ்வாறு இணையும் நாள்கள் நம் நாட்டில் மிகுதி. போகி நெருப்புக்கும் பஞ்சாபியரின் லோஹ்ரி நெருப்புக்கும் இடையே பெரும்பாலும் சில மணி நேரமே வேறுபாடு. மராட்டியப் பெண்கள் மகர சங்கராந்தியிலிருந்து இரத சப்தமி வரை மஞ்சள் குங்குமத்திற்கு அழைத்து எள்ளுருண்டை தருவர். கிறித்துமசு, நோன்பு திறத்தல் ஆகியவையும் அத்தகையனவே.

ஆனால் கொலுவுக்கு வந்து அரை மணி நேரம் அமர்ந்து செல்வதால் 50 மணி நிறைந்துவிடாது. எனவே அக்குடும்பத்தின் தாய், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை ஐந்து முதல் ஏழு வரை தேநீருக்கு அழைக்கத் தொடங்குகிறார். முடியும் நேரத்தையும் முன்னரே சொல்வது நன்று. தயங்குவோர்க்கு அது துணிவு தரும். ஆறேழு பேர் போதும். மண்டபத்தில் நூறு பேரை அழைத்து நடத்தும் விழாவில், அழைத்தவர் எவரோடும் ஐந்து நிமிடம்கூடப் பேச இயலாது. அதை நட்புக்கான வழி என நான் கருதவில்லை. பலகாரமும் ஒன்று போதும். பத்து வகை செய்தால் அடுத்த மாதம் அழைக்கும் எண்ணமே வராது. வந்தவர்க்கும் திருப்பி அழைக்க அச்சம் தோன்றும். எவரும் வராத மாதமும் இருக்கும். அம்மாதம் வடையை வீட்டார் உண்டுவிட்டு, அடுத்த மாதம் மீண்டும் அழைக்க வேண்டியதுதான்.

இதில் உங்களுக்கும் பணி உண்டு. இரு மொழியும் அறிந்தவர் வீட்டில் நீங்கள்தாம். முதல் சில சந்திப்புகளில் மொழிபெயர்த்து உதவுங்கள். பிறகு மெல்ல விலகி நில்லுங்கள். உங்கள் தாய் தவறான இந்தியில் பேச, எதிர்வீட்டார் தாம் கற்ற இரண்டு தமிழ்ச் சொற்களால் மறுமொழி கூற, இருவரும் சிரிப்பார்கள். திருத்த வேண்டாம். அவர்கள் சேர்ந்திருந்த நேரத்தில் அந்த மணித்துளிகளும் சேர்கின்றன.

பயிற்சி

1. 'விருந்து' என்னும் சொல்லின் பழைய பொருள் யாது? இன்று அது எவ்வாறு வழங்குகிறது?

2. திண்ணை செய்த பணியை இன்று உங்கள் குடியிருப்பில் எந்த இடம் செய்கிறது? ஐந்து தொடர்களில் எழுதுக.

3. இவ்வூருக்கு வந்தபின் கிடைத்த முதல் நண்பரைப் பற்றி உங்கள் பெற்றோரிடம் கேட்டு, அவர்கள் கூறியதைத் தமிழில் எழுதுக.

4. உங்கள் வீட்டுத் தேநீருக்கு அண்டை வீட்டாரை அழைத்து, நாளும் நேரமும் குறித்து ஒரு மடல் வரைக. அதனை அவர்கள் மொழியில் எவ்வாறு சொல்வீர்கள் என்று வகுப்பில் பேசிக் காட்டுக.