ஒரே தண்ணீரில் ரெண்டு குடும்பம்!

ஒரு கேள்வி. ஒரே பெயர் கொண்ட பாக்டீரியா மத்தியதரைக் கடலிலும் இருக்கு, அட்லாண்டிக் கடலிலும் இருக்கு. இதில் யாருக்கு யார் நெருங்கிய சொந்தம்? "ஒரே கடலில் இருப்பவைதான்" என்றுதானே சொல்வீர்கள்? நானும் அப்படித்தான் நெனச்சேன். தப்பு!

யார் இவர்?

பெயர் புரோகுளோரோகாக்கஸ். வாயில் நுழையாத பேர்தான்! ஒளிச்சேர்க்கை செய்யும் உயிரிகளில் மிகச் சிறியது இதுதான். ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 1,500 பேர் வரிசையா நிற்கலாம். ஆனால் வெப்பக் கடல்களில் ஒரு மில்லி லிட்டர் நீரில் 1 லட்சம் வரை இருக்கும். அமெரிக்க விஞ்ஞானி சாலி சிஷோம் குழுவினர் 1988-ல்தான் இதை உலகுக்கு அறிவித்தார்கள்.

மூன்று பேரின் ஜீனோம்

ஓர் உயிரியின் மொத்த டி.என்.ஏ.வும் சேர்ந்ததே ஜீனோம். அதன் நீளத்தைப் பாருங்கள்:

1. மெட்4 – மத்தியதரைக் கடல், 5 மீட்டர் ஆழம் – 16.6 லட்சம் எழுத்துகள்
2. எம்.ஐ.டி.9312 – அட்லாண்டிக் வளைகுடா நீரோட்டம், 135 மீட்டர் – 17.1 லட்சம்
3. எம்.ஐ.டி.9313 – அதே இடம், அதே ஆழம் – 24.1 லட்சம்

கவனிச்சீங்களா? 2-ம் 3-ம் ஒரே நீர் மாதிரியில் இருந்து பிரித்தவை. ஆனா 2-க்கு நெருங்கிய சொந்தம், வேறு கடலில் இருக்கும் 1 தான்!

காரணம் என்ன?

வெளிச்சம்! 1-ம் 2-ம் பிரகாசமான வெளிச்சத்துக்குப் பழகியவை. 3 மங்கலான வெளிச்சத்துக்குப் பழகியது. மெட்4-ல் வெயிலின் புற ஊதாக் கதிரால் கெட்டுப்போன டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் ஜீன் இருக்கு. 3-ல் அது இல்லை. ஆழத்தில் அது எதுக்கு? பதிலாக, ஆழத்தில் கிடைக்கும் நைட்ரைட்டைச் சாப்பிடும் ஜீன் 3-ல் உண்டு. மெட்4-ல் அது கிடையாது.

அப்போ கடலுக்கு வேலையே இல்லையா?

இருக்கு. பாஸ்பரஸ் குறைவான கடல்களில் இருந்து வந்த வகைகளில், அதைத் தேடிப் பிடிக்கும் ஜீன்கள் அதிகம். 2006-ல் மெட்4-ஐயும் 9312-ஐயும் ஒப்பிட்டபோது, வித்தியாசங்கள் பெரும்பாலும் ஐந்து இடங்களில் கூட்டமாக இருந்தன. அவற்றுக்கு "ஜீனோம் தீவுகள்" என்று பேர் வைத்தார்கள். ஆக, குடும்பத்தைப் பிரித்தது வெளிச்சம். சின்னச் சின்ன மாற்றம் செய்தது அந்தந்தக் கடல்.

நான் கற்ற பாடம்

பேரையும் ஊரையும் வைத்து சொந்தத்தை முடிவு செய்யக் கூடாது. சின்ன ஜீனோம் என்றால் மட்டம் என்றும் நினைக்கக் கூடாது. தேவையில்லாத சுமையை இறக்கி வைத்ததும் ஒரு கெட்டிக்காரத்தனமே!

சிந்திக்க: பாதி ஆழத்தில் வாழும் ஒரு வகை கிடைத்தால், அதன் ஜீனோமில் முதலில் எதைத் தேடுவீர்கள்? பதிலைத் தாளில் எழுதி உயிரியல் ஆசிரியரிடம் கொடுங்கள்.

– பதினோராம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி