கத்தரிக்கோலைக் கீழே வை

மயிலாப்பூர்,
புதன்கிழமை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய படங்களை ராத்திரி வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பட்டு வாங்குகிறவரிடம் எடைக்குப் போக இருந்த மூட்டையிலிருந்து அந்த ஒட்டுத்துணி விரிப்பை மீட்டுவந்திருக்கிறாய். பாதியில் நின்றுபோன வேலை. தைத்தது யாரோ, நன்றாகப் பழகிய கை. "ஐம்பது வருஷம் இருக்குமா, நூறு இருக்குமா? பிரித்துக் குஷன் உறை தைக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: கத்தரிக்கோலைக் கீழே வை.

வயது பார்க்க, இருப்பதிலேயே பழைய துண்டைத் தேடாதே, புதிய துண்டைத் தேடு. பாட்டியின் கூறைப்புடவையும் பேத்தியின் பாவாடையும் ஒரே விரிப்பில் சேரும். கடைசியாக வந்து சேர்ந்த துணிக்கு முன்னால் அதைத் தைத்திருக்க முடியாது. மூன்றாம் வரிசையில் ஒரு சீட்டித் துண்டின் ஓரத்தில் மங்கிய மையில் 'நயா பைசா' என்று இருப்பதாகத் தோன்றுகிறது. அப்படியானால் அந்தத் துணி 1957-க்கும் 1964-க்கும் நடுவில் விலை போடப்பட்டது. அணாக் கணக்கு இருந்தால் அதற்கும் முந்தியது. பின்பக்கத் தையல் மடிப்பிலிருந்து ஒவ்வொரு துணிக்கும் ஓர் இழை உருவிக் கொளுத்திப் பார். பருத்தி காகிதம் எரிகிற வாசனை தரும். பட்டு முடி கருகுகிற நாற்றம், விரலால் நசுக்கினால் பொடியாகும். உருகிக் கெட்டி முத்தாக நின்றால் டெரிலின் போன்ற செயற்கை இழை. டெரிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1941-இல். நம் வீட்டுப் பெட்டிகளுக்கு வந்தது அறுபதுகளில்.

அரக்குக் கரைத் துண்டில் ஜரிகை தேய்ந்த இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார். அசல் ஜரிகையில் சிவப்புப் பட்டு இழைமேல் வெள்ளித் தகடு சுற்றி, பொன்முலாம் பூசியிருப்பார்கள். முலாம் போனால் வெள்ளி கறுக்கும், தகடு விலகினால் சிவப்பு எட்டிப்பார்க்கும். அந்த வெள்ளிக்காகத்தான் நல்ல புடவைகளை எல்லாம் எரிக்கிறார்கள். எனக்கு வயிறு எரியும்.

கரை டிசைனை மட்டும் நம்பி வயது சொல்லிவிடாதே. நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி 1937-இல் தம் கலாக்ஷேத்ராவில் தறி போட்டுப் பழைய கரைகளையே திரும்ப நெய்யவைத்தார். அந்த அழகு இன்றும் புதிதாக நெய்யப்படுகிறது. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து கோக்கும் கோர்வைக் கரை இருந்தால் கைத்தறி என்று சொல்லலாம், வருஷம் சொல்ல முடியாது. சாயம் போவதும் அப்படித்தான். ஐம்பதுகளின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டத்துணி தண்ணீர் பட்டதும் சாயம் விட்டது. கட்டாயம் சாயம் போகும் என்று சொல்லியே அதை அங்கே விற்றார்கள்!

நீயும் நனைத்துவிடாதே. கல்யாணமான புதிதில் என் மாமியார் கொடுத்த விரிப்பு ஒன்றைப் பூந்திக்கொட்டை நுரையில் முழுதாக முக்கினேன். ஒரே ஒரு சிவப்புத் துண்டு, சுற்றியிருந்த சந்தன நிறத்தை எல்லாம் இளஞ்சிவப்பாக்கிவிட்டது. மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஒற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய். அதுவரை நிழலில் விரித்து, மெல்லிய வலைத்துணி போட்டு அதன் மேலாகத் தூசியை உறிஞ்சு. இஸ்திரி வேண்டாம், பழைய ஜரிகை மடிப்பில் உடையும். வெடித்த பட்டை வெட்டி எறியாமல் அடியில் மல் துணி கொடுத்து நூலோட்டம் போட்டால் பிடித்துக்கொள்ளும். பாண்டி பஜார் போகும்போது இரண்டு மீட்டர் வாங்கி, கஞ்சி போக அலசி வை.

குஷன் உறைக்குத் தனியாகக் கிடக்கும் ஐந்தாறு துண்டுகள் போதும். தைத்த பகுதியைப் பிரிக்காதே. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது என்று ஒருத்தி உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். பேர் தெரியாத அவள் நமக்கு விட்டுவைத்திருப்பது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை அடையாறிலிருந்து வரும்போது எடுத்து வா. பிளாஸ்டிக் பையில் போடாதே, அப்பாவின் பழைய வேட்டியில் தளர்வாகச் சுருட்டு. ஐந்தாம் வரிசை முடிவில் ஒரு நூல் வால் தொங்குகிறதே, அதைக் கத்தரித்துவிடாதே கண்ணு. அங்கிருந்துதான் நாம் தைக்க ஆரம்பிக்கப்போகிறோம்.

அன்புடன்,
பெரியம்மா