ஃபில்டரை இடம் மாற்றினால் பிரஷர் விழுமா?

ஆயில் ஃபில்டரை இன்ஜினை விட்டுத் தள்ளி வைத்தால் பிரஷர் விழுந்துவிடும், பேரிங் போய்விடும் என்ற பயம் பழைய செவ்ரோலே வி8 பிரியர்களிடம் பரவலாக உண்டு. 1955-இல் வந்த அந்த ஸ்மால் பிளாக் இன்ஜினில், 1956 முதல், ஃபில்டர் இடப்பக்கப் பின்மூலையில் இருக்கும். வேறு வண்டியில் இந்த இன்ஜினை ஏற்றும்போது ஸ்டியரிங்கோ சைலன்சர் குழாயோ அங்கே இடிக்கும். பிளாக்கில் ஓர் அடாப்டர் வைத்து, இரண்டு ஹோஸ் இழுத்து, ஃபில்டரை வசதியான இடத்தில் மாட்டிவிடுவார்கள்.

பம்ப்தான் பிரஷரைத் தருகிறது என்று நினைப்பதில் தொடங்குகிறது குழப்பம். பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். அந்த ஆயில் பேரிங்கின் மெல்லிய இடைவெளியில் புகத் திணறும்போதுதான் பிரஷர் ஏறுகிறது. இன்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போது, பிரஷர் மிகுந்தால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு மூடியிருக்கும். தள்ளிய ஆயிலுக்கு ஹோஸைத் தவிர வேறு வழியில்லை. பம்ப் கொஞ்சம் கூடுதலாகப் பாடுபடும். பேரிங்குக்குச் சேர்வது ஏறக்குறைய அதே ஆயில்தான். ஐடிலில் பிரஷர் கேஜின் முள் படுத்தால் தேய்ந்த பேரிங்கையோ நீர்த்த ஆயிலையோ முதலில் சந்தேகியுங்கள்.

பயப்பட வேண்டிய நேரம் வேறு: அந்த வால்வு திறக்கும் நேரம். இந்த இன்ஜினில் ரிலீஃப் வால்வு பம்பின் மூடியிலேயே இருக்கிறது. தன் வாசலில் உள்ள பிரஷரை மட்டுமே அது அறியும். அது 60 பிஎஸ்ஐயில் திறந்து, ஹோஸில் 10 கரைந்தால், பேரிங்குக்கு மிஞ்சுவது 50. குளிர்ந்த கெட்டி ஆயிலோடு இன்ஜினை முறுக்கினால் இழப்பு இன்னும் கூடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பின்னால் கேஜ் மாட்டும் துளை ஃபில்டரைத் தாண்டி இருப்பதால் முள் இதை மறைக்காது. சென்சார் ஃபில்டருக்கு முன்பே உள்ள இன்ஜின்களில் முள் நிம்மதியாக நிற்கும், பேரிங் பட்டினி கிடக்கும்.

ஹோஸின் நீளத்தைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நீளம் இரு மடங்கானால் இழப்பும் இரு மடங்கு; ஆனால் உள்விட்டம் பாதியானால் 16 மடங்கு! ஒல்லி ஹோஸுக்கும் கூர்மையாக மடங்கும் எல்போவுக்கும் இடமே கொடுக்கக் கூடாது.

உள்ளே போகும் ஹோஸையும் வெளியே வரும் ஹோஸையும் மாற்றி மாட்டுவதுதான் கொடிய தவறு. ஆயில் பின்னோக்கி வடியாமல் தடுக்க ஃபில்டருக்குள் இருக்கும் ரப்பர் மடல், அப்போது வெளியேறும் வழியையே அடைத்துவிடும். ஸ்டார்ட் செய்யுமுன் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, பம்ப் தண்டை டிரில்லால் சுழற்றி, கேஜில் முள் எழுகிறதா பாருங்கள். எழாவிட்டால் சாவியைத் தொடாதீர்கள்.